கொம்பும் காலும்

அத்தியாயம் 4

காணாமல் போன நாய், காணாமல் போன ஸ்கூட்டர், காணாமல் போன மாப்பிள்ளை என்று எத்தனையோ தேடிப் பிடித்த துப்பறியும் நிலையத்துக்கு, எதுவுமே காணாமல் போகாத வழக்கு ஒன்று வந்து சேர்ந்தது.

“எல்லாம் இருக்கு. ஆனா ஒண்ணா இல்ல,” என்றாள் கண்ணாடியம்மா.

“எங்க குடும்பம் மாதிரியேவா?” என்று கேட்டாள் ரேடியோ.

ரேடியோ என்பது அந்த உதவியாளப் பெண்ணுக்கு ஊர் வைத்த பெயர். அணைக்கும் பொத்தான் இல்லாததால் வந்தது. அவளுடைய முதலாளியின் பெயர் நிதானம். அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டையும் ஜோடியாகத் திருப்பி வைத்து, அதைத் தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் அவர் உள்ளேயே வந்தார்.

கண்ணாடியம்மா மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி. கடையின் முன்பாதியில் அலமாரி அலமாரியாகக் காலி ஃபிரேம்கள் யாரையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தன. பின்னறையில் லென்ஸ் அறுக்கும் இயந்திரம், பழைய கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், சுவரோரம் மடக்கி வைத்த நாற்காலிகள். பகலெல்லாம் அந்த அறையில் லென்ஸ் அறுத்த அவள் கணவர், கடைக் கதவை இழுத்து மூடியதும் அங்கேயே நின்று பாடுவார். கூட்டாளிகள் வருவார்கள். தெருவில் அவரைப் பாட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். எட்டுப் பாட்டைப் பதிவு செய்து, “சொந்தக் குரல்” என்று தொகுப்புக்குப் பெயர் வைத்து, கேட்க ஆளைக் கூப்பிடுவதற்குள் அவரே போய்விட்டார். போன மழைக்காலத்தோடு.

இன்று சாயங்காலம் அந்தக் கூட்டாளிகள் பின்னறைக்கு வருகிறார்கள். அவர் போன பிறகு முதல் தடவை. அவர் அடுக்கிய வரிசையில், அவர் குரலைப் போட்டுக் காட்டுவதாக அவள் சொல்லியிருந்தாள்.

“கம்ப்யூட்டர் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. அதான் பாட்டையெல்லாம் போனுக்கு மாத்தச் சொன்னேன். மாத்தின பிறகு பாருங்க.” போனை நீட்டினாள். “ஒரே தொகுப்பு, ஆறு துண்டா நிக்குது. ஆறுக்கும் ஒரே பேரு. இந்தக் கடைசித் துண்டுக்குக் கீழ என்ன போட்டிருக்குன்னு படிங்க.”

ரேடியோ படித்தாள். “அறியப்படாத கலைஞர்.”

“முப்பது வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷன். காபியில எத்தனை ஸ்பூன் சர்க்கரை, எந்தக் காது மந்தம், எந்தப் பல்லு கட்டினது, அவ்வளவும் எனக்குத் தெரியும். இந்த போனு அவரை அறியப்படாத ஆளுங்குது.”

“போனுக்கு அவர் பல்லைக் காட்டலையே,” என்றாள் ரேடியோ. கண்ணாடியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

“மாத்திக் குடுத்தது யாரு?” நிதானம் கேட்டார்.

“என் கொழுந்தன். அவன்தான் பண்ணியிருக்கான்.”

கொழுந்தன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஊரையே மெதுவாகப் போகச் சொல்லிக் கற்றுக்கொடுக்கும் அவனுக்கு, டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் பிரேக் பிடிக்காது. தாளம் ஓடும். “உன் பின்னாலயே ஓடி ஓடி எனக்கு மூச்சு வாங்குதுடா” என்று சொல்லி, டிரம்ஸ் இல்லாமலே எட்டுப் பாட்டையும் மறுபடி பதிவு செய்துகொண்டார் அண்ணன். தம்பி அதற்கப்புறம் பாட்டு நடக்கும் நேரத்தில் பின்னறைப் பக்கம் வரவில்லை.

“அந்தக் கோபத்துல பழி வாங்கிட்டான். கேட்டா, ‘பேர்ல நான் கையே வைக்கல அண்ணி, அப்படியே எடுத்து அப்படியே போட்டேன்’ங்கிறான். அப்படியே போட்டா எப்படி ஆறாகும்?” அவள் போனில் வேறொரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். கொழுந்தனுக்கு அனுப்பத் தயாராக ஒரு வரி அடித்து வைத்திருந்தாள். *இன்னைக்கு நீ வர வேண்டாம்.* “அவன்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, இதை அனுப்பிடுவேன். அதோட அவனுக்கும் இந்தக் கடைக்கும் சரி.”

நிதானம் அந்த வரியைப் படித்தார். மூக்கிலிருந்து நழுவிய தன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அது மறுபடி நழுவியது.

“முதல்ல கம்ப்யூட்டரைப் பாப்போம்,” என்றார்.

கம்ப்யூட்டர் திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ரேடியோ கடையிலிருந்த நாலு ஃபிரேம்களை மாட்டிப் பார்த்து, நாலிலும் தான் அழகாக இருப்பதாக அறிவித்தாள். திரையில் பாட்டுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே கட்டம் கட்டமாக விவரம்: பாட்டின் பெயர், தொகுப்பின் பெயர், பாடியவர், வரிசை எண்.

“இதோ முதல் குற்றவாளி,” என்று நிதானம் ‘பாடியவர்’ கட்டத்தைத் தொட்டார். “நாலு பாட்டு அவர் தனியா. மத்த நாலுல ஒவ்வொருத்தர் கூடப் பாடியிருக்காங்க.”

“ஆமா. தையல்காரர், பேங்க்காரர், டியூஷன் டீச்சர், முடி வெட்டுறவர்.”

“பாடியவர் மாறினா, தொகுப்பே வேறன்னு உங்க போன் நினைச்சுக்குது. ஒரே வீட்டுல இருக்கிறவங்களை ஆளுக்கொரு வீட்டு நம்பர் போட்டுப் பிரிச்ச மாதிரி. இந்தப் பக்கம் பாருங்க, ‘தொகுப்பின் கலைஞர்’னு தனியா ஒரு கட்டம் இருக்கு. குடும்பத் தலைவர் யாருன்னு கேக்குற கட்டம். அது எல்லாத்துலயும் காலியா இருக்கு.”

“குடும்பத் தலைவர் இல்லாத வீடு சிதறிடுச்சு,” என்றாள் ரேடியோ. சொன்ன பிறகுதான் எங்கே நின்று சொல்கிறோம் என்று உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“பரவாயில்லம்மா,” என்றாள் கண்ணாடியம்மா. “உள்ளதைத்தானே சொன்னே.”

எல்லாப் பாட்டுக்கும் அந்தக் கட்டத்தில் “பாட்டுக்காரர்” என்று நிரப்பினார்கள். கேபிளை மாட்டிப் போனுக்கு மாற்றினார்கள். போனில் ஒரு மாற்றமும் இல்லை. அதே ஆறு.

“போன்ல இருக்கிற பாட்டுப் பெட்டி பழசையே ஞாபகம் வச்சுட்டு நிக்குது,” என்று ரேடியோ அமைப்புகளுக்குள் போய் எதையோ அழுத்தினாள். “பழசை மறக்கச் சொல்லணும். மறந்தாத்தான் புதுசாப் பாக்கும்.”

“அவ்வளவு சுலபமா மறக்குதா?” என்று கேட்டாள் கண்ணாடியம்மா.

மறுபடி திறந்தபோது ஐந்து துண்டுகள் ஒன்றாகியிருந்தன. எட்டுப் பாட்டும் வரிசையாக நின்றன. ஆனால் அதன் பக்கத்திலேயே, அதே பெயரில், ஒற்றைப் பாட்டோடு இன்னொரு “சொந்தக் குரல்”. அந்தப் பாட்டுக்குக் கீழே அதே அறியப்படாத கலைஞர்.

“இது முதல் பாட்டோட நகல்தான்,” என்றாள் கண்ணாடியம்மா. “பாட்டு பேரும் அதே ‘முதல் வண்டி’. நம்பரும் ஒண்ணு. போட்டுப் பாத்தேன், அதே வரியிலதான் தொடங்குது.”

“முழுசாக் கேட்டீங்களா?”

அவள் லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்து மடித்தாள். “எந்தப் பாட்டையுமே இன்னும் முழுசாக் கேக்கலை. ரெண்டு வரி வரும். நிறுத்திடுவேன்.”

“நகல்னா தூக்கிடலாமே,” என்று ரேடியோ சுட்டியை அழிக்கும் இடத்துக்குக் கொண்டுபோனாள். “வழக்கு முடிஞ்சது. எனக்குப் பசிக்குது.”

“நிதானம்,” என்றார் நிதானம்.

“உங்க பேரை நீங்களே ஏன் சார் கூப்பிட்டுக்கறீங்க?”

“கையை எடு. ஒரே தொகுப்பு பேரு, ஒரே குடும்பத் தலைவரு. இருந்தும் போன் ரெண்டாப் பிரிக்குது. நமக்குத் தெரியாத வித்தியாசம் ஏதோ அதுக்குத் தெரியுது.”

இரண்டு பெயரையும் மேலும் கீழுமாக வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். சொந்தக் குரல். சொந்தக் குரல். பெயருக்குப் பின்னால் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ரேடியோ பார்த்தாள். இல்லை. நிதானம் திரையோடு மூக்கு உரசக் குனிந்தார். குனிந்த வேகத்தில் அவர் கண்ணாடி கழன்று கீபோர்டு மேல் விழுந்தது. ஒரு கால் தனியாக உருண்டு மேசைக்கடியில் போயிற்று.

“சாருக்கு வேகம் ஒத்துக்காதுன்னு தெரியாதா?” என்று ரேடியோ காலைத் தேடி மண்டியிட்டாள்.

கண்ணாடியம்மா இழுப்பறையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்தாள். கையில் வேலை வந்ததும் அவள் குரலே மாறிவிட்டது. “இது கீல் வச்ச கால் சார். ஆணி தேஞ்சா கழண்டுதான் வரும். இதே மாடல்ல ஒரே வார்ப்பா வர்றது ஒண்ணு இருக்கு. முன்னாடி நின்னு பாத்தா ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதான். காலைப் பிடிச்சு இழுத்தாத்தான் எது எதுன்னு தெரியும்.”

கண்ணாடி இல்லாத கண்களால் நிதானம் அவளை வெகுநேரம் பார்த்தார்.

“ரேடியோ, காலைப் பிடிச்சு இழு.”

“யார் காலை சார்?”

“எழுத்தோட காலை. ‘சொ’ல ஒரு கால் இருக்கு பாரு. எட்டுப் பாட்டுப் பக்கம் போ. ‘சொ’வுக்கு அடுத்தாப்ல கர்சரை வச்சு, பேக்ஸ்பேஸை ஒரே ஒரு தடவை தட்டு.”

தட்டினாள். கொம்பும் போயிற்று, காலும் போயிற்று. வெறும் ‘ச’ நின்றது.

“இப்ப ஒத்தைப் பாட்டுல தட்டு.”

தட்டினாள். கால் மட்டும் கழன்றது. கொம்பு அப்படியே இருந்தது. ‘செ’ என்று நின்றது.

“அட!” என்றாள் ரேடியோ. வாழ்க்கையில் அவள் பேசிய மிகச் சிறிய வாக்கியம் அதுதான்.

“எட்டும் ஒரே வார்ப்பு. இந்த ஒண்ணு மட்டும் கீல் வச்ச கால்,” என்றார் நிதானம். “கண்ணுக்கு ஒரே எழுத்து, மிஷினுக்கு வேற வேற. அதனால பெயரே வேறன்னு பிரிச்சிடுச்சு. டைப்ரைட்டர்ல பழகினவங்க ‘சொ’ அடிக்கணும்னா கொம்பைத் தனியா அடிப்பாங்க, எழுத்தைத் தனியா, காலைத் தனியா. கம்ப்யூட்டர்லயும் அதே விசைமுறையை வச்சுக்கிட்டா சில மிஷின் அதை அப்படியே துண்டாவே எழுதி வச்சுக்கும். போன்ல பழகினவங்களுக்கு எல்லாம் சேர்ந்தே வரும். ரெண்டு கை, அம்மா. இந்தத் தொகுப்புல ரெண்டு பேரோட கை பட்டிருக்கு.”

ரேடியோ அதற்குள் கண்ணாடியம்மாவின் போனை எடுத்திருந்தாள். கொழுந்தன் அனுப்பிய செய்திகளில் ஒன்று: *சொல்லுங்க அண்ணி.* அதிலிருந்து நகலெடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டி, ஒரு தட்டு தட்டினாள்.

‘ச’.

“ஒரே வார்ப்பு,” என்றாள். “எட்டும் இவங்க கொழுந்தன் கைதான் சார்.”

கண்ணாடியம்மாவின் முகம் சிவந்தது. “பாத்தீங்களா! கையே வைக்கலைன்னு என் முகத்துக்கு நேரா சொன்னான்! எட்டுலயும் கை வச்சிருக்கான்!” போனை ரேடியோவின் கையிலிருந்து பிடுங்கினாள். அந்த வரி காத்துக்கொண்டிருந்தது. அவள் விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே போயிற்று.

“எட்டு அவர் கை சரி,” என்றார் நிதானம். “அந்த ஒண்ணு யார் கை?”

விரல் நின்றது.

“உங்க வீட்டுக்காரர் டைப்ரைட்டிங் படிச்சவரா?”

“படிச்சார். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப அவங்க வீட்டுல அதைத்தான் பெரிசாச் சொன்னாங்க.”

“அவர் அடிச்சது எதாவது இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கா?”

அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கடை முன்பக்கம், ஒவ்வோர் அலமாரியிலும் ஒட்டியிருந்தது. *கண்ணாடியைத் தொடாதீர்கள். கேளுங்கள், எடுத்துத் தருகிறோம்.* திரையின் மூலையில் அந்த அறிவிப்பு இன்னும் கிடந்தது. ரேடியோ அதைத் திறந்து, ‘தொ’வுக்குப் பக்கத்தில் கர்சரை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினாள்.

கால் கழன்றது. ‘தெ’.



“வேத்து ஆள்னு நாம அழிக்கப் பாத்தோமே,” என்றார் நிதானம், “அந்த ஒண்ணுதான் அவரே அடிச்சது. இந்தக் கடைசித் துண்டு பிரிஞ்சது உங்க கொழுந்தனால இல்ல. கடைசியா உங்க வீட்டுக்காரர் தானா உக்காந்து ஒரு பாட்டைச் சேத்தார் பாருங்க, அதனால.”

“அப்ப அவன் ஏன் கையே வைக்கலைன்னு சொன்னான்?”

“இந்தப் பேர், வரிசையெல்லாம் போட்டது யாருன்னு உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட சொல்லியிருக்காரா?”

“சொன்னார். ‘எட்டையும் என் கையாலயே போட்டேன் பாத்துக்கோ’ன்னு…”

அவள் பாதியில் நிறுத்தினாள். அந்தக் கை அவள் கண்முன் வந்தது. அவருடைய கடைசி நாட்களில் சட்டைப் பொத்தானைக்கூட அவள்தான் போட்டுவிட்டாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் குடிப்பார். அந்தக் கையா எட்டுப் பாட்டுக்கும் கட்டம் கட்டமாக நிரப்பியது? யாரோ உட்கார்ந்து அடித்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்லிவிடாதே என்று அவர் கேட்டுக்கொண்ட பிறகு, இன்றுவரை சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

“அவர் கை ஒத்துழைக்காதப்ப, தன்னைச் சேத்துக்காத தொகுப்புக்கு, தானே உக்காந்து பேர் போட்டுக் குடுத்திருக்கான்,” என்றாள் மெல்ல. “அண்ணனோட பெருமையைக் காப்பாத்த என்கிட்ட திட்டும் வாங்கியிருக்கான். மடையன்.”

“ஒத்தைப் பாட்டுல பாடியவர் கட்டம் ஏன் காலியா இருக்குன்னும் இப்பத் தெரியுது,” என்றாள் ரேடியோ, அவளுக்கே பழக்கமில்லாத சின்னக் குரலில். “இவ்வளவு அடிக்கிறதுக்குள்ள கை ஓஞ்சிருக்கும்.”

“போட்டுப் பாப்போமா?” என்று கேட்டார் நிதானம்.

ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. ஒரு வரி. இரண்டு வரி. கண்ணாடியம்மாவின் கை பழக்கத்தில் நிறுத்தப் போயிற்று. ரேடியோ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது வரி. நாலாவது முடிந்ததும், தடதடவென்று மாடிப்படியில் யாரோ உருண்டு வருவது போல டிரம்ஸ் உள்ளே நுழைந்தது.

“இது அவன்!” கண்ணாடியம்மா எழுந்தே விட்டாள். “வேண்டாம்னு சொன்னாரே, அந்தப் பழைய பதிவு! இதையா திரும்பச் சேத்தார்?”

“நாலுகால் பாய்ச்சல்ல ஓடுது,” என்று ரேடியோ தலையை ஆட்டினாள். “இவர்கிட்ட கார் கத்துக்கிட்டவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?”

நிதானம் பாட்டைப் பாதியில் நிறுத்தினார். “மீதியைக் கேக்கவேண்டிய ஆளு இன்னும் வரலை.”

அவர் சொன்னது அவளுக்குப் புரிந்தது. அவள் போனை எடுத்தாள். *இன்னைக்கு நீ வர வேண்டாம்.* பேக்ஸ்பேஸைத் தட்டினாள். ‘வேண்டாம்’ ஒவ்வோர் எழுத்தாக, கால் கழன்று, புள்ளி கழன்று, பின்னால் பின்னால் போயிற்று. ‘வர’ வந்ததும் நிறுத்தினாள். இரண்டே எழுத்தைச் சேர்த்து அனுப்பினாள்.

*இன்னைக்கு நீ வரணும்.*

பதில் உடனே வந்தது. *வாசல்லதான் நிக்கிறேன் அண்ணி. உள்ள வரலாமா கூடாதான்னு யோசிச்சுட்டு இருக்கேன்.*

“எவ்வளவு நேரமா?” என்று கூவினாள் ரேடியோ, முன்பக்கத்தைப் பார்த்து.

“பார்க்கிங் போட்டதுலேருந்து!” என்று தெருவிலிருந்து குரல் வந்தது.

“இருங்க! ஒரே ஒரு வேலை பாக்கி!” ரேடியோ ஒற்றைப் பாட்டின் கட்டத்தைத் திறந்தாள். “அம்மா, இந்த ‘சொ’வை மாத்தி ஒரே வார்ப்பா அடிச்சா போதும். ஒம்பதும் சேர்ந்துடும். அரை நிமிஷம்.”

“அதைத் தொடாதே,” என்றாள் கண்ணாடியம்மா.

“அப்புறம் எப்படிச் சேரும்?”

“எட்டையும் இதுக்கு மாத்து. இது அவர் அடிச்சது. இதையே நகலெடுத்து எல்லாத்துலயும் ஒட்டு.”

“எட்டு தடவைம்மா! ஒண்ணை மாத்துறதை விட்டுட்டு…”

“மாத்து,” என்றார் நிதானம், அவள் சரிசெய்து கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டே. அவர் வாழ்க்கையில் அவசரமாகச் சொன்ன சொல் அது ஒன்றுதான்.

ரேடியோ எட்டு தடவையும் முணுமுணுத்துக்கொண்டே ஒட்டினாள். முதல் பாட்டுக்கு இரண்டு பதிவா என்று கேட்டாள். இரண்டும் இருக்கட்டும் என்று பதில் வந்தது. காலியாக இருந்த அந்தப் ‘பாடியவர்’ கட்டத்தை மட்டும் கண்ணாடியம்மா தானே அடித்தாள். ஒரு விரலால், தேடித் தேடி: *அண்ணனும் தம்பியும்.*

கேபிள் மாட்டினார்கள். போன் பழசை மறந்தது. திறந்தபோது ஒரே ஒரு “சொந்தக் குரல்”. அறியப்படாத கலைஞர் ஊரைவிட்டே போயிருந்தார்.

தையல்காரர் வந்தார், பேங்க்காரர் வந்தார், டியூஷன் டீச்சர், முடி வெட்டுபவர், எல்லாரும் வந்தார்கள். நாற்காலிகள் விரிந்தன. கொழுந்தன் கதவோரம் நின்றான், யாரோ இன்னும் உட்காரச் சொல்லவில்லை என்பது போல.

“அங்க என்ன நிக்கிற? நடுவுல வந்து உக்காரு,” என்றாள் கண்ணாடியம்மா. “முதல் பாட்டு உன்னோடது.”

“என்னோடதா? என்ன அண்ணி சொல்றீங்க?”

அவள் சொல்லவில்லை. போட்டாள். நாலாவது வரி முடிந்ததும் டிரம்ஸ் உருண்டு வந்தது. கொழுந்தன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். தாளம் ஓட ஓட, அதைப் பிடிக்கப் பாட்டுக்காரரும் சேர்ந்து ஓடினார். வரிகள் இடித்துக்கொண்டன. நடுவில் ஓரிடத்தில் அவர் சிரித்தே விட்டார். சிரித்துக்கொண்டே பாடினார். பாட்டு முடிந்தது என்று எல்லாரும் கை தட்டத் தூக்கிய நேரத்தில், பதிவின் கடைசியில், மூச்சு வாங்கிக்கொண்டு அவர் குரல்:

“டேய், மெதுவாடா! நானும் வரேன்ல!”

யாரும் கை தட்டவில்லை. கொழுந்தன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான்.

“நான் ஒண்ணும் ஓடல,” என்றான். “எப்பவுமே இவர்தான் மெதுவாப் பாடுவார்.”

பின்னறை அதிரச் சிரித்தார்கள். ஸ்பீக்கரில் அடுத்த பாட்டு தொடங்கப் போனது. கண்ணாடியம்மாவின் கை போனை நோக்கி நீண்டது. ரேடியோ தடுக்கப் பாய்ந்தாள்.

“விடும்மா,” என்றாள் அவள். “நிறுத்தறதுக்கு இல்ல. அதையே இன்னொரு தடவை போடணும்.”